சிவப்புக் காளானுக்கு ஒரு வாளி யூரியா

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பன்வில தேயிலைத் தோட்டத்து மேட்டில் புல்லுக்குள் முளைத்த சிவப்புக் காளான்களைப் பார்த்து, கீழே போன கண்டி பஸ் சிவப்பு விளக்கென்று நின்றுவிட்டதாக ஒரு கல்யாண வீட்டில் சொன்னேன். பந்தியில் ஒருவரும் சிரிக்கவில்லை. "எந்த டிரைவர்?" என்றார்கள். அதனால் எழுத வேண்டியதாயிற்று. (டிரைவருக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அவசரப்படுத்தாதீர்கள்.)

முதல் தொடக்கம்: மலைமுகட்டில் பனி விலக, பவளத் துளிகளாய்ச் சிதறி—

வேண்டாம். காளானே வெட்கப்படும்.

2.

அழகமுத்துவிலிருந்து தொடங்குவோம். தேயிலைக்கு உரம் போட்டே ஓய்வுபெற்றவர். ஒரு மாடு வைத்திருக்கிறார். அது மேய அந்த மேட்டுப் புல்லை விட்டால் வேறு இடமில்லை. அங்கே தேயிலைக் கன்று நடப்போவதாகத் தோட்டத்தில் பேச்சு. பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து காளான் ஆராயும் ரிப்கா மிஸ் சனிக்கிழமை வந்து, காளான் அபூர்வமானது என்று எழுதிக் கொடுத்தால் புல் தப்பும்; மாடும் தப்பும்.

மிஸ் போனில் தெளிவாகத்தான் சொன்னார்: "ஐயா, நான் வார வரைக்கும் அங்க ஒண்டும் செய்ய வாணாம். மாடு மட்டும் மேயட்டும்."

அழகமுத்து மனைவியைப் பார்த்தார். "பாலம்மா, மிஸ்ஸு ஒன்னும் செய்ய வேணாங்குது."

"அப்ப என்னமாச்சும் செஞ்சிறணும்ங்க. ஒங்க மச்சான் வீட்டுக்கு வந்தப்ப அப்புடித்தான் ஒன்னும் வேணாம்னாரு. நம்பி வெறும் டீ குடுத்தோம். இன்னைக்கு வரைக்கும் பேச்சில்ல."

"மேடு பூராவும் காளான் நிக்கணும் புள்ள!"

போஞ்சிக்காய்ப் பாத்திக்கு வைத்திருந்த யூரியாவை வாளியில் கொட்டிக்கொண்டு ஏறிவிட்டார்.*

* இந்தக் காளான் உரம் காணாத மண்ணில், மாடு கடித்துக் குட்டையாக்கிய புல்லில்தான் முளைக்கும். யூரியா விழுந்தால் கோபித்துக்கொண்டு போய்விடும், மச்சானைப் போலவே. (ஆயுள் முழுக்க உரம் போட்டவருக்கு இது தெரியாதா? எனக்கும் சந்தேகம் வந்தது. ஆனால் தேயிலை ஒருநாளும் உரம் வேண்டாமென்று சொன்னதில்லையே.)

3.

முடிவு அ: யூரியா போடுகிறார். சனிக்கிழமை புல் இடுப்பளவு. ரிப்கா மிஸ் வந்து, உள்ளே தொலைந்த மாட்டை மட்டும் கண்டுபிடித்து—

இந்த முடிவை அடித்துவிட்டேன். மாடு அழுதது.

முடிவு ஆ: நானே கதைக்குள் இறங்கினேன். எழுதுகிறவனுக்கு அழகில்லைதான். யூரியா அள்ளிய கை ஓங்கியிருந்தது.

"அழகமுத்து, நில்லுங்க!"

"அட, எழுதுற ஐயாவா? வாங்க வாங்க! டீ குடிப்பீங்களா?"

"ஐயோ, எனக்கு ஒன்னும் வேணாம்."

அள்ளியது வாளிக்குள் திரும்பியது. வாளி தரைக்கு வந்தது. "பாலம்மா! ஐயா ஒன்னும் வேணாங்குறாரு! வடையும் போடு!" என்று கத்திக்கொண்டே லயத்து வீட்டுக்கு ஓடினார்.

இப்போது வெள்ளிக்கிழமை. நான் இன்னும் அவர் வீட்டுக் கதிரையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்தால் அவர் வாளியைத் தேடுவார். மேட்டில் சிவப்புத் தலைகள் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டன. என் வயிற்றில் இனி ஒரு வடைக்கும் இடமில்லை.

ஆகவே வாசகரே, கண்டியில் பன்வில பஸ்ஸைப் பிடியுங்கள். அழகமுத்துவின் வாசலில் நின்று, எதுவும் வேண்டாமென்று கொஞ்சம் பலமாகச் சொல்லுங்கள். நாளை மிஸ் வரும்வரை சொல்லிக்கொண்டே இருங்கள்.

பசியோடு வாருங்கள்.