ஒன்பது கிலோ மேனேஜர்

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மகள் விமானம் ஏறிய பிறகு வந்த முதல் சிரிப்பு.

தலை மட்டும் வெளியே தெரிய, துணிப்பைக்குள் பூனை தொங்கிக்கொண்டிருந்தது. பையை மாட்டியிருந்த கைத்தராசில் ஒன்பது என்று மின்னியது.

"ஒன்பதா! டேய் மேனேஜர், தேறிட்டியேடா!"

நாற்காலியில் உட்கார்ந்து, தையல் மெஷினில் அவள் படும் பாட்டை மேற்பார்வை பார்ப்பதைத் தவிர வேறு வேலை தெரியாததால் அந்தப் பெயர். ஒரு வாரமாக உடம்பு சரியில்லாமல் நாற்காலியில் ஏறவும் அவனுக்குத் தெம்பில்லை.

தராசு மகளுடையது. பெட்டியை எடை பார்த்துவிட்டு, கிளம்பிய அவசரத்தில் மறந்துவிட்டுப் போனாள். "போய்ச் சேர்ந்ததும் கூப்பிடறேம்மா" என்றதையும் சேர்த்து மறந்துவிட்டாள்.

போனில் கால்நடை டாக்டர் சந்தேகப்பட்டார். "ஒன்பது கிலோவா? பூனைதானே?"

"உட்கார்ந்து தின்னா யாருக்குத்தான் சதை போடாது டாக்டர்?"

"சரிதான். கிலோவுக்கு அரை மில்லி. நாலரை கொடுங்க. கூடிடக் கூடாது, இதயம் தாங்காது."

ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்தை இழுத்தாள். மடியில் கிடத்தி வாயைத் திறந்தாள். மேனேஜர் முரண்டு பிடித்து, அவள் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைப் பிறாண்டினான். டேப் புரண்டது. அங்குலம் மறைந்து சென்டிமீட்டர் தெரிந்தது.

அவள் கை அப்படியே நின்றது.

வீட்டு முன்னறையில் வைத்திருக்கும் தையல் கடையில் தினமும் நடக்கிற கூத்துதான் இது. ஒல்லிப் பெண்ணுக்கு இடுப்பு எழுபது என்று வந்தால், டேப் திரும்பிக் கிடக்கிறது என்று அர்த்தம். டேப்புக்கு இரண்டு பக்கம். தராசுக்கு?

சமையலறைக்கு ஓடினாள். பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை மாட்டினாள்.

இரண்டு புள்ளி இரண்டு!

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். எண்ணுக்குப் பக்கத்தில் எறும்பு மாதிரி இரண்டு எழுத்து. எல்.பி. பவுண்டு. மகள் குடியிருக்கும் நாட்டு எடை.

ஒன்பதை இரண்டு புள்ளி இரண்டால் வகுத்தாள். நாலு கிலோ, கொஞ்சம் மேலே.

மேனேஜர் தேறவில்லை. பாதியாகிப் போயிருந்தான். மடிக்கு அது தெரிந்துதான் இருந்தது. மனம்தான் ஒன்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"நாலுதானா! நல்லவேளை கூப்பிட்டீங்க. ரெண்டு மில்லி போதும்," டாக்டர் பெருமூச்சு விட்டார். "தனியா போராடாதீங்கம்மா. வீட்ல யாரையாவது பிடிச்சுக்கச் சொல்லுங்க."

"சொல்றேன் டாக்டர்," என்றாள்.

போனை வைத்துவிட்டு, கூடுதல் மருந்தைத் தொட்டியில் பீய்ச்சிவிட்டாள். மேனேஜரைத் துண்டில் சுற்றி முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டாள். இரண்டே மில்லியைப் புகட்டினாள். விழுங்கினான்.

சாயங்காலம் எழுந்து தண்ணீர் நக்கினான். நாற்காலியை அண்ணாந்து பார்த்தான். அவளே தூக்கி உட்கார வைத்தாள்.

தராசின் பின்பக்கம் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் கிலோவுக்கு மாறிவிடும். கட்டைவிரலைக் கொண்டுபோனவள், எடுத்துவிட்டாள். மகள் அழுத்தி வைத்தது. அப்படியே இருக்கட்டும்.

"நாளைக்கும் வகுத்துக்கலாம். என்ன மேனேஜர்?"

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டான். அவள் மெஷினை மிதித்தாள்.