வேல்பாண்டியின் அளவு

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் விமலின் ஹெல்மெட் கடை. மே மாத மத்தியானம். உள்ளே பிரேம்குமார் குளிர்ப் பிரதேசத்துக்கான பைக் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நின்றான். மின்விசிறி சுழன்றது. காற்று ஜாக்கெட்டுக்குள் வரவில்லை.

ஜாக்கெட்டும் பேன்ட்டுமாக இரண்டு செட் வரவழைக்கச் சொல்லியிருந்தான். ஒன்று அவனுக்கு, இன்னொன்று வேல்பாண்டிக்கு. ராஜபாளையத்தில் ஒரே நூற்பாலையில் இருவரும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர்கள். ஜூனில் சேர்ந்து விடுப்பு எடுத்து, இமயமலையில் ஸ்பிதி பள்ளத்தாக்குக்கு ஆளுக்கொரு பைக்கில் போவதாகத் திட்டம். தார் காணாத பாதை, கல், குறுக்கே ஓடும் பனித்தண்ணீர். காலையிலேயே வருவதாகச் சொன்ன வேல்பாண்டி இன்னும் வரவில்லை.

"ஹேண்டில்பாரைப் பிடிக்கிறாப்ல கையை நீட்டி உக்காருங்கண்ணே" என்று விமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

பிரேம்குமார் உட்கார்ந்தான். விழுந்தால் அடிபடாமலிருக்க வைத்த முழங்கைக் காப்பு நகரவில்லை. மார்பு இறுகியது. அது அவனுக்குப் பிடித்திருந்தது. மில்லில் தொளதொள சட்டைக்கு இடமில்லை. ஓடுகிற இயந்திரத்தில் துணி மாட்டினால் கை போய்விடும். இறுக்கமானதுதான் பத்திரம் என்று உடம்பு பழகியிருந்தது.

"கரெக்டா இருக்கு."

"உள்ள என்ன போட்டிருக்கீக?"

"பனியன்."

"அங்கனயும் பனியனோடதான் போவீகளா? ஸ்வெட்டருக்கு மேலல்ல இது?"

"ஸ்வெட்டரா? எங்கூர்ல ஸ்வெட்டர் போட்ட ஆளை ஆஸ்பத்திரி வார்டுலதான் பாத்திருக்கேன்."

விமல் சிரித்துக்கொண்டே ஒரு கம்பளி ஸ்வெட்டரைக் கொடுத்தான். அதற்கு மேல் போட்டபோது ஜாக்கெட்டின் ஜிப் பாதி நெஞ்சில் நின்றுவிட்டது. எவ்வளவு மூச்சை இழுத்தாலும் ஏறவில்லை.

"அடுத்த அளவு சொல்லிவிட்டா, நீங்க கிளம்புறதுக்குள்ள வராதுண்ணே."

அப்போதுதான் வேல்பாண்டியிடமிருந்து போன் வந்தது.

"ஏலே, கடையிலயா இருக்க?"

"ஆமா. நீ எங்கலே?"

"வீட்டுல." பின்னால் அவன் மனைவி பாண்டிசெல்வியின் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. "பாண்டிசெல்வி தம்பிக்குக் கல்யாணம் பேசி முடிச்சுட்டாவ. நம்ம போற வாரந்தான். மூத்த மருமகன் நான் பந்தல்ல நிக்காட்டி அவ வாழ்நாளெல்லாம் சொல்லிக்காட்டுவா. அடுத்த வருசம் போவம்லே."

போன வருடமும் இதையேதான் சொன்னான். அப்போது மனைவியின் வளைகாப்பு.

"தனியா போயிரட்டுமா?" என்றான் பிரேம்குமார். போக வேண்டாம் என்று அவன் சொல்லட்டும் என எதிர்பார்த்தான்.

"போ ராசா, ஒனக்கென்ன! ஏன் போறன்னு கேக்க ஆளில்ல. கொடுத்துவச்சவன். இன்னைக்கு வரும்போது பால்கோவா வாங்கியாந்துரு, பாண்டிசெல்வி கேக்கா."

அது பொறாமையில் சொன்னது என்று பிரேம்குமாருக்குத் தெரியும். இருந்தும் போனை எந்தப் பையில் வைப்பது என்று தெரியாமல் ஜாக்கெட்டைத் தடவிக்கொண்டே நின்றான். ராஜபாளையத்தில் அவன் தனியாக இருக்கும் வீட்டின் சாவியும் அவனிடம் மட்டும்தான் இருந்தது.

"அந்தண்ணன் வரலையா?" என்றான் விமல். "ரெண்டையும் திருப்பி அனுப்பிரவா?"

பிரேம்குமார் ஜாக்கெட்டைக் கழற்றினான். மேசையில் வேல்பாண்டிக்கு வந்த செட் பிரிக்காமல் இருந்தது. பிரித்தான். வேல்பாண்டியின் தொப்பைக்காக எடுத்த பெரிய அளவு. ஸ்வெட்டருக்கு மேல் போட்டான். ஜிப் கழுத்துவரை ஏறியது. பக்கப் பட்டைகளை இழுத்துக் கட்டியதும் காப்புகள் முழங்கையில் வந்து உட்கார்ந்தன.

பளிச்சென்ற மஞ்சள். புழுதியில் ஒருவரையொருவர் தவறவிடக் கூடாது என்று வேல்பாண்டி தேர்ந்தெடுத்த நிறம்.

"இந்த நிறம் பரவாயில்லையாண்ணே?"

"மஞ்சளே இருக்கட்டும். விழுந்து கெடந்தா யாராச்சும் பாப்பாகள்ல."

பேன்ட்டையும் போட்டான். இடுப்புக்குப் பின்னால் இரண்டையும் சேர்க்கும் ஜிப் ஒன்று உண்டு. விழுந்து இழுபட்டால் ஜாக்கெட் மேலேறாமல் பிடித்துக்கொள்வது.

"இது கைக்கு எட்டாது. கூட வாரவகதான் போட்டுவிடணும்" என்று விமல் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தான். பிறகு குனிந்து கை நீட்டினான்.

"விடுங்க தம்பி."

பிரேம்குமார் இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோனான். ஜிப்பின் முனை அகப்பட்டு நழுவியது. வியர்வை கண்ணில் இறங்கியது. விமல் வாசல் பக்கம் திரும்பி, நிற்காமல் போன மதுரை பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் கழித்து, பல் பல்லாக ஜிப் ஓடும் சத்தம் கேட்டது.

"போட்டுட்டீகளே!"

"ம்." பிரேம்குமார் அதைத் திரும்பக் கழற்றினான். "இன்னொருவாட்டி போட்டுப் பாக்கேன்."