கிளட்ச் இல்லாத வண்டி

அந்த நகரத்தில் பாதிப் பேருக்குக் கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொடுத்தவர் டிரைவிங் டீச்சர். "கியர் மாத்தத் தெரியாதவனெல்லாம் டிரைவரா?" என்று வகுப்பில் அவர் முழங்காத நாளில்லை. அப்படிப்பட்டவரின் இடது முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. "உங்க சொந்த வண்டியையாவது ஆட்டோமேட்டிக்கா மாத்துங்க" என்று டாக்டர் சொன்னபோது, பக்கத்திலிருந்த கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கணவர் தையல்காரர். மனைவியிடமே ஓட்டப் பழகப் போய், கிளட்சைப் படக்கென்று விட்டு வண்டியைத் தவளையாய்க் குதிக்க வைத்து, "உங்களுக்கு ஊசி நூலே போதும்" என்று திருப்பியனுப்பப்பட்டவர்.

ஷோரூமில் விற்பனைப் பெண் இரண்டு வண்டிகளைக் காட்டினாள். ஒன்றில் இருப்பது சாதாரண கியர்பெட்டிதான். கிளட்ச் மிதித்துக் கியர் மாற்றும் வேலையை மட்டும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். விலை கையைக் கடிக்காது. ஆனால் கியர் மாறும்போதெல்லாம் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும். மற்றது வழுக்கிக்கொண்டு போகும். அதன் விலையைக் கேட்டதும் தையல்காரர் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

ஷோரூமுக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில் மலிவான வண்டியை எடுத்தார் டீச்சர். இன்ஜின் கொஞ்சம் உறுமியதுதான் தாமதம், பழக்கதோஷத்தில் இடது கால் கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கை ஓங்கி மிதித்தது. ஆணியடித்தாற்போல் நின்றது வண்டி. பின்சீட்டில் இருந்த விற்பனைப் பெண்ணின் மூக்குக்கண்ணாடி முன்சீட்டுக்கு வந்து சேர்ந்தது.

"கிளட்ச் எங்கங்க போச்சு?"

"அது வேணாம்னுதானே வந்திருக்கோம்!" என்றார் கணவர்.

அடுத்த சுற்றிலும் அதே கூத்து. மூன்றாவது சுற்றில் இடது காலை ஒருவழியாக அடக்கி வைத்தார். வண்டி ஓடியது, கூடவே குலுக்கவும் செய்தது. "மாவாட்டற மாதிரி இருக்கு. வேணாம்" என்று இறங்கினார்.

"நான் ஒரு சுத்து போறேனே?" என்றார் தையல்காரர்.

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து சீட்டில் ஏறி, கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

வண்டி நகர்ந்தது. திரும்பியது. ஒரு குலுக்கல்கூட இல்லை. மறப்பதற்கு அவரிடம் பழைய பழக்கம் எதுவும் இருக்கவில்லை. டீச்சரின் கால்தான் இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை மிதித்துக்கொண்டே வந்தது.

"எப்படிங்க இது?"

"தையல் மெஷினை மிதிக்கற மாதிரிதாம்மா. துணி தடிக்கற எடத்துல காலைக் கொஞ்சம் தளர்த்தணும். இதுவும் கியர் மாத்தற நேரத்துல அதைத்தான் கேக்குது."

டீச்சர் மறுபடி ஸ்டீயரிங்கைப் பிடித்தார். "தளர்த்து... இப்போ மிதி" என்று கணவர் சொல்லச் சொல்ல, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். குலுக்கல் பாதியாய்க் குறைந்தது. அன்றைக்கே அந்த வண்டிக்கு முன்பணம் கட்டினார்கள்.

தையல்காரர் லைசென்சும் வாங்கிவிட்டார். இப்போது தினமும் காலையில் மனைவியை டிரைவிங் பள்ளியில் இறக்கிவிடுவது அவர்தான். வழி நெடுக டீச்சர் பாடம் நடத்துவார். கணவர் தன்பாட்டுக்கு விசிலடித்துக்கொண்டு ஓட்டுவார்.

"டிரைவர் வச்சிருக்கீங்களா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"ஆமா. சம்பளம் கேக்க மாட்டார். என்ன ஒண்ணு, சொல்பேச்சும் கேக்க மாட்டார்."