சுரண்டி எடுத்த ராகம்

மனாமாவில் யோகநாதன் வேலை பார்த்த அச்சகத்தில், படமெடுத்த தாளில் விழுந்திருக்கும் புள்ளி, கீறல், மயிரிழை எல்லாவற்றையும் பிளேடு நுனியால் சுரண்டித் துப்புரவாக்குவதுதான் அவன் டியூட்டி. வெள்ளவத்தையில் ஸ்டூடியோ வைத்திருந்தவன். எண்பத்துமூன்று கலவரத்தில் ஸ்டூடியோ எரிந்தது. அடுத்த வருஷம் பஹ்ரைனில் பிளேடும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தான். கை மட்டும் அதே கை. அதில் அவனுக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

அந்த மண்டைக்கனத்துக்கு அடி விழுந்தது ஒரு புதன்கிழமை காலையில். சூக் என்ற பழைய கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் ஹெஸ்கேல் என்ற யூதக் கிழவர், தான் கொடுத்திருந்த வேலையை வாங்க வந்தார். அந்த ஊரில் யூதக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தகப்பனார் காலத்து எபிரேய வேதப் புத்தகத்தில் ஒரே ஒரு அத்தியாயத்தை, மங்கிப்போன தன் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக்கித் தரச் சொல்லியிருந்தார். லண்டன் ஆஸ்பத்திரியில் அவருடைய அண்ணன் இன்றோ நாளையோ என்று கிடக்கிறார். தகப்பனார் ஓதிய அந்த அத்தியாயத்தை, அதே ராகத்தில், தம்பி வாயால் ஒருதடவை கேட்டுவிட்டுக் கண்ணை மூட வேண்டுமாம். வியாழன் இரவு பிளைட்.

நாலு பெரிய தாள்கள். பால்போல வெளுப்பு. யோகநாதன் பெருமையோடு விரித்தான். கிழவர் முதல் வரியில் விரலை வைத்து ஓத வாயெடுத்தார். ஒரு சொல்லோடு குரல் நின்றுவிட்டது. தாளைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்தார்.

"எழுத்து இருக்கு பாய். ராகம் எங்கே?" என்றார் இந்தியில்.

யோகநாதனுக்கு ஒன்றும் புரியவில்லை. கிழவர் புத்தகத்தைத் திறந்து காட்டினார். எழுத்துகளுக்கு மேலும் கீழும் கடுகளவில் கொக்கிகள், சாய்கோடுகள், வளைவுகள். குரல் எங்கே ஏறணும், எங்கே சுழலணும், எங்கே நிற்கணும் என்று சொல்பவை அவைதானாம். "இந்த அடையாளம் ஒவ்வொண்ணுக்கும் ராகம் எனக்குத் தெரியும். ஆனா இந்த அத்தியாயம் மனப்பாடம் இல்லை. அது அண்ணனுக்குத்தான்."

யோகநாதன் பூதக்கண்ணாடியைப் புத்தகத்தின்மேல் வைத்தான். புள்ளிகளைத் தொடக்கூடாது என்று அரபு அச்சுக்கோக்கும் மூசா சொல்லியிருந்ததால், புள்ளிகளை விட்டிருந்தான். மிச்சத்தைப் பூச்சிக்கால் என்றும் தூசி என்றும் நினைத்து, மூன்று நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுரண்டியிருந்தான். தூசி என்றால் வரிக்கு வரி இப்படி ஒரே அச்சாகவா விழும்? அது கூடத் தோன்றாத தன் மூளையை நொந்துகொண்டான்.

திரும்பவும் படமெடுக்க வழியில்லை. கேமரா விளக்கு முந்தின நாள்தான் எரிந்துபோயிருந்தது. போர்மன் சேதுராமன் அவனைத் தனியாக இழுத்துப் போனார்.

"எழுத்தெல்லாம் முழுசா இருக்குல்ல? புஸ்தகமே அப்படித்தான் மங்கியிருந்துச்சுன்னு சொல்லி அனுப்பிடுப்பா. சாகப்போற மனுஷன் கொக்கியைப் பாத்தா கேக்கப் போறாரு?"

"இல்லை அண்ணை. சுரண்டினது நான். நானே திருப்பிப் போடுறன்" என்றான் யோகநாதன். கிழவரிடமும் போய் உள்ளதைச் சொன்னான். அவர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை என்றிருந்தது அவனுக்கு.

புதன் பகல் முழுக்கவும் வியாழன் காலையிலும் அதே வேலை. அவன் புத்தகத்தைப் பார்த்து மெல்லிய பேனாவால் கொக்கி போடுவான். கிழவர் பெரிய தாளைப் பார்த்து ஓதுவார். கொக்கி இடம்மாறித் திரும்பியிருந்தால் அவர் குரல் தடுக்கும். உடனே சுரண்டி மறுபடி போடுவான். எபிரேயத்தில் ஓரெழுத்து தெரியாதவன், புதன் பிற்பகலுக்குள்ளேயே எந்தக் கொக்கிக்குக் குரல் ஏறும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டான்.

வியாழன் நடுப்பகல், கடைசித் தாளில் இரண்டு வரி பாக்கி. ஆபீஸ் போன் அடித்தது. லண்டனிலிருந்து கிழவரின் அண்ணன் மகன் அவர் கடைக்கு அடித்து, நம்பர் வாங்கி இங்கே அடித்திருந்தான். கேட்கக் கேட்கக் கிழவர் முகம் வெளிறியது.

"ராத்திரி வரை தாங்காதாம். இப்பவே ஓதச் சொல்றான். ரிசீவரை அவர் காதில் வெச்சிருக்கானாம்."

யாருக்காகவும் மெஷினை நிறுத்தாத சேதுராமன் ஓடிப்போய் நிறுத்தினார். யோகநாதன் தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தான். கிழவர் ஓதினார். முதல் தாள், இரண்டாவது, மூன்றாவது. குரல் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. நாலாவது தாளில் பாதி தாண்டி, வெறும் எழுத்தாக நின்ற அந்த வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார். புத்தகத்தின் கடுகுக் கொக்கிகளைப் பார்த்து ஓத அவர் கண்ணுக்கு முடியாது.

இன்னும் அரைமணி கிடைத்திருந்தால் யோகநாதன் முடித்திருப்பான். இந்தக் கையால் சுரண்டியதுதானே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. போனில் இரைச்சல் மட்டும் கேட்டது.

பிறகு அந்த இரைச்சலுக்குள்ளிருந்து இன்னொரு குரல் புறப்பட்டது. நூலாக இளைத்த குரல். கிழவர் ரிசீவரைக் காதிலிருந்து சற்றே விலக்கிப் பிடித்தார். விட்ட சொல்லிலிருந்து அண்ணன் ஓதிக்கொண்டிருந்தார். ஏறி, சுழன்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறி, இரண்டு வரியையும் கடைசிச் சொல்வரை ஓதி நிறுத்தினார். கிழவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

போனை வைத்ததும் யோகநாதன் தாளை மேசையில் விரித்துப் பேனாவை எடுத்தான். வேலையை முடித்துத்தானே ஆகவேண்டும். கிழவர் அந்த இரண்டு வரியின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"கலாஸ், பாய். போதும். இது அவர் ஓதின இடம். இதில் ஒண்ணும் போடாதே" என்றார்.

தாள்களை அப்படியே சுருட்டிக்கொண்டு பிளைட்டுக்குக் கிளம்பினார்.