ஆறு பாகம்

கயிற்றுக்கடையில் அளவுகோல் கிடையாது. கடைக்காரி இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு பாகம். ஆள் குள்ளம், கையும் அதற்கேற்ற கை. ஆனால் அவள் வெட்டிய கயிறு விரற்கடை கூடாது, குறையாது என்று படகுத்துறையில் பெயர் உண்டு. அந்தப் பெயரால் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று காலை தம்பி வந்தபோது காற்று திசை மாறியிருந்தது. வாசலில் தொங்கிய கயிற்றுச் சுருள்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. அவளுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.

"அக்கா, படகைப் பெரிய சுவர்ல கட்டச் சொல்லிட்டாங்க. முன்னுக்கு ஒண்ணு, பின்னுக்கு ஒண்ணு, ஆறு ஆறு பாகம் வெட்டு."

"பெரிய சுவரா? அங்க கடல் வத்துறப்ப தண்ணி ரெண்டு மூணு ஆள் உயரம் எறங்குமேடா, சுத்திக் கட்டவே பாதிக் கயிறு போயிரும். ஏழா வாங்கிக்க."

"சுவர்க் காவல்காரர் ஆறுதான்னு அடிச்சுச் சொல்லிட்டார். கூட விட்டா பக்கத்துப் படகுல போய் இடிக்குமாம். அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுக்கா."

"பெரிய ஞானி," என்றாள். அளவு குறைந்தால் என்ன ஆகும் என்று பெரியவர்கள் சொல்லிவைக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அம்மா போனபின் அவள் இடுப்பில் வளர்ந்த பிள்ளை அவன். படகு வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. இருப்பதிலேயே உசத்தியான கயிற்றை எடுத்து, ஒன்று, இரண்டு என்று ஆறு வரை கைவிரித்து வெட்டினாள்.

"இது அறாது. நீயே அறுக்கணும்னு நெனச்சாலும் லேசுல அறாது."

வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"தண்ணி நெறஞ்சிருக்கப்பவே கட்டிட்டு எஞ்சின் குழியில எறங்கணும். பம்பு கழட்டுற வேலை இருக்கு," என்று சொல்லிவிட்டு அவன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் சுவர்க் காவல்காரரே கடைக்கு வந்தார். கடைக்குள் வர மூன்று இடத்தில் குனிய வேண்டிய மனிதர். நெட்டைக்கொக்கு என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். தார்ப்பாயை இழுத்துக் கட்ட ஒரு பாகம் கயிறு போதும் என்று தானே சுருளிலிருந்து இழுத்துக் கைவிரித்தார்.

அவள் அந்தக் கைகளையே பார்த்தாள்.

"அண்ணே, கைய மடக்காதீங்க."

தன் ஒரு பாகத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். முழங்கை நீளத்துக்குக் குறைந்தது.

"தம்பிகிட்ட ஆறு பாகம்னு சொன்னீங்களே, யார் கையால?"

"என் கையாலதான். வேற யார் கைய நான் கொண்டுபோறது?" என்று சிரித்தார்.

எறும்புக்கும் அதன் கையால் எட்டு சாண் உடம்புதான். ஆறு முழங்கை சேர்ந்தால் ஓர் ஆளுக்கு மேல். தண்ணீர் இந்நேரம் முக்கால்வாசி வடிந்திருக்கும். கயிறு வெட்டும் கத்தியோடு அவள் ஓடினாள். விஷயம் விளங்கி அவரும் கடையிலிருந்த இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்.

சுவரின் மேல் யாரும் இல்லை. வளையங்களிலிருந்து இரண்டு கயிறுகளும் விறைத்துக் கீழே போயிருந்தன. எட்டிப் பார்த்தாள். சுவர்ப்பக்கம் கயிற்றில் தொங்க, படகு மறுபக்கம் சாய்ந்து கிடந்தது. ஒவ்வோர் அலையும் அந்தப் பக்கமாக உள்ளே ஏறியது. மீன்பெட்டிகள் எல்லாம் சரிந்து, பின்பக்கத்து எஞ்சின் குழியின் மூடியைச் சாத்தி அதன்மேல் குவிந்திருந்தன. மூடிக்கு அடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

"தம்பி!"

"அக்கா? மூடி தொறக்க மாட்டேங்குது. உள்ள தண்ணி வருது."

"வந்துட்டேன்டா. எதையாவது கெட்டியாப் பிடிச்சுக்க."

ஏணியில் கால் வைக்கப் போனவளைக் காவல்காரர் இழுத்து நிறுத்தினார்.

"நாம ஏறினா கவுந்துரும். அறுத்துத்தான் விடணும். ஒரு பக்கம் மட்டும் அறுந்தா அந்தப் பக்கம் முங்கிடும். ரெண்டும் சேந்து அறணும். நான் பின்னால, நீ முன்னால. பத்து இழுப்பு. நான் எண்ணுறேன்."

அவர் எண்ணினார். அவள் தன் பலம் முழுவதையும் கத்தியில் போட்டு இழுத்தாள். ஒன்று, இரண்டு. ஏழாவதில்தான் அவளுக்கு உறைத்தது, அந்தப் பத்தும் அவர் கை இழுப்புக்கான கணக்கு, இங்கே அறுப்பது அவளுடைய குட்டைக் கை என்று. நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தாள்.

"பத்து."

பின்கயிறு படாரென்று விட்டது. அவள் கயிறு பாதிகூட அறுபடவில்லை. படகின் பின்பாகம் விழுந்து, பெட்டிகளோடு தண்ணீருக்குள் போனது.

காவல்காரர் குதித்துவிட்டார். தண்ணீருக்கு அடியிலிருந்து இன்னும் தட்டும் சத்தம் வந்தது. கையிலிருந்த கயிற்றின் வழியாக அவளுக்கு அது தெரிந்தது. அவள் எண்ணாமல் அறுத்தாள். நல்ல கயிறு. இழை இழையாகத்தான் விட்டது.

கடைசி இழை அறுவதற்கு முன்பே தட்டுவது நின்றுவிட்டது.