அன்னாசி உருட்டிய வீடு

சாவி வாங்கிய சனிக்கிழமை சியூ லெங் புது வீட்டைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் அடுத்த வீட்டுப் பிள்ளை. தாயில்லாதவள். என் சமையலறையில் உட்கார்ந்து தோசையைச் சீனி தொட்டுத் தின்று வளர்ந்தவள். கல்யாணப் பதிவுக்கு நான்தான் சாட்சிக் கையெழுத்து போட வேண்டும் என்று கேட்டிருந்தாள். ஆசையாகச் சரியென்று சொல்லியிருந்தேன்.

பாதி அரசாங்கம், பாதி தனியார் என்று கட்டுகிற கொண்டோ அடுக்குமாடி அது. நீச்சல் குளமும் காவல்காரரும் உண்டு, விலை மட்டும் நடுத்தரச் சம்பளக்காரர்களுக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டும். ஆனால் அவள் வயதில் தனி ஆளாகப் போய் நின்றால் கிடைக்காது. கல்யாணம் நிச்சயமான ஜோடி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சாவி வந்த மூன்று மாதத்துக்குள் கல்யாணச் சான்றிதழைக் காட்ட வேண்டும். ஐந்து வருடம் குடியிருந்த பிறகு விற்கலாம். அதனால் கண்ணுங்களா, இங்கே பையன்கள் "என்னைக் கட்டிக்கிறியா" என்று கேட்பதில்லை, "சேர்ந்து வீட்டுக்கு மனு போடலாமா" என்றுதான் கேட்பார்கள். அவள் காதலன் ஜுன் கியாட்டும் அப்படித்தான் கேட்டான். அன்றைக்கு அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

கட்டடம் எழும்ப மூன்று வருடம் ஆனது. அதற்குள் அவன் தன் அலுவலகத்து ஷெரிலோடு போய்விட்டான். இவள் மோதிரத்தைக் கழற்றி வைத்து, என் மடியில் அழுது தீர்த்தாள். பிறகு அவனோடேயே கல்யாணம் என்று வந்து சொன்னதும், சமாதானம் ஆகிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நான் பாயசம் வைத்தேன்.

மின்தூக்கியில் ஏறிய பிறகுதான் சொன்னாள்.

"சமாதானம்லாம் இல்ல ஆன்ட்டி. பிரிஞ்சா வீடு போயிடும். அஞ்சு வருஷம் ஆளுக்கொரு ரூம். அப்புறம் வித்து, பிரிச்சுக்கிட்டு, டிவோர்ஸ்."

அரிசி தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும் என்பதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னாள்.

வீட்டு வாசலில் ஜுன் கியாட்டின் அம்மா மேடம் குவெக், சிவப்பு ரிப்பன் கட்டிய அன்னாசிப் பழத்தோடு நின்றாள். "ஹுவாட் ஆ!" என்று செல்வம் பெருகச் சீனத்தில் வாழ்த்திக் கத்திக்கொண்டு பழத்தை உள்ளே உருட்டினாள். அதிர்ஷ்டம் அதன் பின்னாலேயே வருமாம். பழம் கூடத்தைத் தாண்டி உருண்டு பெரிய அறைக் கதவில் மோதியது. கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். கையில் அளவு நாடா.

"வாங்க சிஸ்டர், வாங்க! இவதான் ஷெரில். இவளுக்கு டேஸ்ட் ஜாஸ்தி. அதான் திரைக்கு அளவெடுக்கச் சொன்னேன். நாளைக்கு விக்கிறப்ப வீடு பளிச்சுனு இருக்கணும்ல?" என்றாள் மேடம் குவெக்.

"யாரு ரூமுக்குத் திரை?" என்று கேட்டேன்.

"பையன் ரூமுக்குத்தான்."

"அப்ப சியூ லெங்?"

"அவளுக்கு நடு ரூம். ஜன்னல்லாம் இருக்கு. கவர்மென்ட்டுக்கு சர்டிபிகேட்தான வேணும்? கட்டிலையா எண்ணிப் பாக்க வரப்போறாங்க?" தன் பேச்சுக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தாள்.

கூடத்து மூலையில் இருந்த ஜுன் கியாட் தலைநிமிரவில்லை. குத்துக்காலிட்டு, ஒரு குச்சியால் தரைக்கல் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "ம்மா, இந்தக் கல்லு உள்ள வெறும் காத்து. போட்டோ எடு. மாத்திக் குடுக்கச் சொல்லணும்."

ஷெரில் சியூ லெங்கைப் பார்த்து இனிமையாகச் சொன்னாள். "அக்கா, இந்த முனையைக் கொஞ்சம் புடிங்களேன்."

சாவியை அவர்கள் முகத்தில் விட்டெறியப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன். எறிந்துவிட்டு வா, உனக்கு என் வீட்டில் இடமில்லையா என்று சொல்ல வாய்வரைக்கும் வந்துவிட்டது.

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்தாள். நாடாவின் முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேல புடிக்கவா, கீழயா?"

நான் மேடம் குவெக் பக்கம் திரும்பினேன்.

"சாட்சிக்கு வேற ஆளைப் பாருங்கம்மா. நான் போடமாட்டேன்" என்றேன்.

"அட, அதனால என்ன சிஸ்டர்? எங்க வீட்டு ஏஜென்ட் போட்டுடுவாரு. ஃப்ரீயாவே போடறேன்னாரு" என்றாள் மேடம் குவெக். அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

சியூ லெங் மின்தூக்கி வரை பின்னால் ஓடி வந்தாள்.

"கோவமா ஆன்ட்டி? இதை விட்டா இப்படி ஒரு வீடு எனக்கு ஜென்மத்துக்கும் கிடைக்காது. அஞ்சு வருஷந்தானே?"

"அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் அவங்க. இந்தப் பக்கம் நீ படுத்துக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருக்கப்போற. அஞ்சு வருஷம்."

"ஹெட்போன் வாங்கிட்டேன் ஆன்ட்டி. நல்ல ஹெட்போன். ஒரு சத்தமும் கேக்காது."

ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறாள்!

உள்ளேயிருந்து மேடம் குவெக்கின் குரல் வந்தது. "சியூ லெங்! அன்னாசி நசுங்கிச் சாறு ஒழுகுது பாரு! மார்பிள்ல கறை புடிச்சா விலை இறங்கிடும், ஓடி வா!"

ஓடினாள். துணி தேடிக்கொண்டு ஓடினாள், என் பிள்ளை.

கீழே இறங்கி வந்தேன். யாரும் இறங்காத புது நீச்சல் குளம் நீலமாக மினுங்கியது. அதன் ஓரத்தில் நின்று காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. இந்த ஊரில் அதற்கும் அபராதம். விழுங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.