இரண்டு பரசுராமன்களும் ஒரு கேடயமும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு தேநீர் இடைவேளையில் கிடைத்தது. 2009-இல் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பி ஆலைக்குக் கணினிப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். பக்கத்தில் நின்றவர் பெருமையாகச் சொன்னார்: "எங்க பேக்டரில ஒருத்தரு தெனம் பதினாறு மணி நேரம் வேல செய்றாரு சார். கம்ப்யூட்டர்ல."

அந்தக் கடைசிச் சொல் இல்லாவிட்டால் இந்தக் கதை இல்லை.

முதல் தொடக்கம்: "கும்மிடிப்பூண்டியின் வானம் அன்று துரு நிறத்தில்…" [விட்டுவிட்டேன். வானம் எந்த நிறத்தில் இருந்தாலும் இந்தக் கதைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.]

இரண்டாவது தொடக்கம்: "எம். பரசுராமன் தூங்குவதே இல்லை." இது பரவாயில்லை. ஆனால் பொய். நன்றாகத் தூங்குகிறான். இரண்டு பாய்களில் தூங்குகிறான்.

2

ஆலையில் இரண்டு பரசுராமன்கள்.

ஒருவன் பொதட்டூர்பேட்டைக்காரன். அப்பா முனுசாமி. பகல் ஷிப்டில் உலை அருகே வேலை. நிரந்தர ஊழியன். உயரம், மீசை. எல்லோரும் 'பர்னஸ் பரசு' என்பார்கள்.

இன்னொருவன் ஆர்.கே.பேட்டைக்காரன். அப்பா மாசிலாமணி. மாலை ஷிப்டில் கம்பிகளைக் கட்டுக் கட்டாகக் கட்டும் வேலை. குள்ளம், மீசை இல்லை. ஒப்பந்தத் தொழிலாளி. இவன் 'பண்டல் பரசு'.

பண்டல் பரசுவுக்கு இந்த மாதம் நிரந்தர ஆணை வரவேண்டும். வராவிட்டால், ஒப்பந்தம் முடிந்து அடுத்த மாதம் அவன் வேலைக்கு வரவேண்டியதில்லை. கதையில் ஆபத்து இவ்வளவுதான். அவனுக்கு இது போதுமான ஆபத்து.

3

இப்போது கொஞ்சம் விளக்க விடுங்கள். இது எனக்குப் பிடித்த பகுதி.

ஆலையில் மூன்று இடங்களில் மூன்று கணினிகள். வாசலில் ஒன்று, சம்பளப் பிரிவில் ஒன்று, ஒப்பந்தக்காரரிடம் ஒன்று. ஒவ்வொன்றும் தன் பாஷையில் தன் கணக்கை வைத்திருக்கும். இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்தால், எந்த ஷிப்டில் எவ்வளவு கம்பி, எத்தனை ஆள் என்று ஒரே பார்வையில் தெரியும். அந்த இடத்துக்குத் தரவுக் கிடங்கு என்று பெயர். மூன்று கணினிகளிலிருந்தும் தகவலை எடுத்து, சுத்தம் செய்து, கிடங்கில் கொண்டுபோய்க் கொட்டும் வழிக்குத் தரவுக் குழாய் என்று பெயர்.

அந்த வருடம் தலைமை அலுவலகத்துக்கு ஒரு யோசனை வந்தது. கிடங்கை கிளவுடில் வைப்போம். கிளவுட் என்றால் ஏதோ ஒரு நாட்டில் வேறு யாரோ வைத்திருக்கும் கணினிகள். அவற்றில் வாடகைக்கு இடம். கேட்டுப் பார்த்தால் எல்லோருக்கும் புரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் சந்தேகங்கள் இருந்தன.

சுத்தம் செய்வது எப்படி என்றால், இதே ஆலையின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். லாரி லாரியாகப் பழைய இரும்பு வரும். உலையில் போடுவதற்கு முன்பே பிரித்தாக வேண்டும். உருகியபின், எது ஜன்னல் கம்பி, எது சைக்கிள் செயின் என்று யாராலும் சொல்ல முடியாது.*

* நல்ல வடிவமைப்பாளர்கள் பிரிக்காத மூலத் தகவலையும் ஒரு மூலையில் பத்திரமாக வைப்பார்கள். இங்கேயும் வைத்தார்கள், ஒப்பந்தக்காரரின் பழைய கணினியில். 'எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டதே' என்று அந்தக் கணினியைப் பழைய இரும்போடு போட்டுவிட்டார்கள். [இந்த இடத்தை நான் மிகைப்படுத்தியதாக நினைப்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.]

4

குழாயைக் கட்டியவன் வசந்தகுமார், சென்னைப் பையன். முதல் வரைவில் அவனை வில்லனாக எழுதியிருந்தேன். பிறகு அவன் எழுதிய விதியைப் படித்துப் பார்த்தேன். அதில் தப்பே இல்லை.

ஒப்பந்தத் தொழிலாளி நிரந்தரமானால் புது எண் கிடைக்கும். பழைய எண்ணும் பட்டியலில் கிடக்கும். ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவான். எனவே வசந்தகுமார் எழுதினான்: பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஒன்றாக இருந்தால் இருவரும் ஒருவரே. மருத்துவமனையில் பிறந்து, அன்றே பதிவான எவருக்கும் இது நியாயமாகத்தான் தோன்றும்.

ஆனால் நம் பக்கத்தில் பிறந்த தேதியை யார் கொடுத்தார்கள்? ஜூன் மாதம் பள்ளியில் சேர்க்க அழைத்துப் போவார்கள். தலைமையாசிரியர், வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது. அன்றிலிருந்து ஐந்து வருடம் பின்னால் போய் ஜூன் ஒன்று என்று எழுதிவிடுவார். ஆர்.கே.பேட்டையிலும் ஜூன் ஒன்று. பொதட்டூர்பேட்டையிலும் அதே வருடம் ஜூன் ஒன்று. [உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.]

இரண்டு காதுகளைத் தொட்ட இரண்டு கைகள், இருபது வருடம் கழித்து ஒரே ஆளின் கைகளாயின.

5

பண்டல் பரசு மனிதவள அதிகாரி குணசுந்தரியிடம் போனான்.

"நீங்க ஏற்கனவே பெர்மனென்ட் ஆயிட்டீங்களே."

"நானா? எப்போ மேடம்? எனக்கே தெரியாம?"

"இதோ, பர்னஸ் செக்‌ஷன்."

"அது வேற ஆளு மேடம். ஒசரமா, மீச வச்சிக்கினு இருப்பாரு."

"மீசைக்கெல்லாம் இதுல இடமில்ல. பேரு, இனிஷியல், டேட் ஆஃப் பர்த். மூணும் ஒண்ணு."

"அப்ப நான் யாரு?"

"நீங்கதான் அவரு."

"அவருக்கு பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க இருக்குது மேடம். எங்க ஊட்ல கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

குணசுந்தரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கணினியில் சிரிப்புக்கும் இடமில்லை. "உங்களுக்கு வேற பிறந்த தேதி எதாவது இருக்கா?"

"எங்கம்மாவ கேட்டா, ஏரி ஒடஞ்ச வருசம்னு சொல்லும்."

"அத டைப் பண்ண முடியாதே."

இதற்குள் தலைமை அலுவலகம், பகலில் உலையிலும் மாலையில் கட்டுப் பிரிவிலும் உழைக்கும் எம். பரசுராமனைக் கண்டுபிடித்திருந்தது. ஓவர்டைம் கூடக் கேட்காத மனிதன்! (பண்டல் பரசுவுக்குச் சம்பளம் ஒப்பந்தக்காரர் தருவதால், அந்தப் பக்கம் எதுவும் இடிக்கவில்லை.) ஆலை விழாவில் தரவிருந்த சிறந்த ஊழியர் கேடயத்தில் பெயர் பொறிக்கப்பட்டது. எப்போது தூங்குகிறான் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

6

இந்த இடத்தில் பத்திரிகை ஆசிரியர் அருணாச்சலம் தொலைபேசியில் அழைத்தார்.

"நல்லா வந்திருக்கு. ஆனா ரெண்டு பரசுராமன் எதுக்கு? படிக்கிறவங்க குழம்பிடுவாங்க. ஒருத்தரா சேத்துடுங்களேன்."

"சார், கதையே அதானே."

"பக்கமும் கொறையும்."

தொலைபேசியை வைத்தேன். ஒரு மணி நேரம் முயன்றும் பார்த்தேன்: "பரசுராமன் உலையை விட்டு இறங்கி, கம்பிகளைக் கட்டப் போனான். மீசையை…" எந்த மீசையை?

7

தேநீர்க் கடையில் இருவரும் சந்தித்தார்கள்.

"இன்னா நைனா, நேத்து சாய்ங்காலம் நான் நல்லா வேல பாத்தனா?" என்றான் பர்னஸ் பரசு.

"சூப்பரா பாத்த. போன வாரம் நீ திருத்தணிக்கு போனியே, அன்னிக்கும் நீ வந்த."

"அதான் எனக்கு லீவே கட் ஆவல!"

"சிரிக்காத. எனக்கு ஆர்டர் வரல. விழா அன்னிக்கே எம்.டி. பெர்மனென்ட் லிஸ்ட்ல கையெழுத்து போட்டுட்டு பூடுவாராம்."

பர்னஸ் பரசு சிரிப்பதை நிறுத்தினான். இருவரும் வசந்தகுமாரைத் தேடிப் போனார்கள்.

அவன் உடனே ஒத்துக்கொண்டான். "அப்பா பேர முழுசா சேத்தா பிரிஞ்சிடும். ஒரு வரி. ஆனா மேனேஜர், விழா முடியட்டும்னு சொல்றாரு. இப்ப பிரிச்சா பதினாறு மணி நேரம் ரெண்டு எட்டு ஆயிடும். ஷீல்டு யாருக்குக் குடுக்கறது?"

"எனக்கு ஷீல்டு வேணாம்பா," என்றான் பர்னஸ் பரசு.

"உங்களுக்கு வேணாம் சார். அவங்களுக்கு வேணுமே."

8

சில முடிவுகளை முயன்றேன்.

வசந்தகுமார் யாருக்கும் தெரியாமல் அந்த ஒரு வரியை எழுதிவிடுகிறான். [மாற்றத்துக்கு மூன்று பேர் ஒப்புதல் வேண்டும். மூவரும் விழா ஏற்பாட்டில் இருக்கிறார்கள்.]

குணசுந்தரி மனம் மாறி… [அவள் மனம் எப்போதோ மாறிவிட்டது. கணினிதான் மாறவில்லை.]

ஆக, விழாவுக்கே போய்விடுவோம். பந்தல், மாலை, மைக். "எம். பரசுராமன்!" என்று கூப்பிட்டார்கள். இருவரும் எழவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார்கள்.

பர்னஸ் பரசு பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்தான். "ஏறு."

"உன் பேரு நைனா அது."

"உன் பேருந்தான். ஏறு. ஷீல்ட தொடாத. ஆர்டர கேளு. மைக்கு பக்கத்துலயே நில்லு."

குள்ளமான ஒருவன் மேடை ஏறினான். கைதட்டல். எம்.டி. புன்னகையுடன் கேடயத்தை நீட்டினார். அவர் பக்கத்தில் மேசையில், கையெழுத்துக்காக நிரந்தரப் பட்டியல். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு,

9

இல்லை, அந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை.

அருணாச்சலம் பயந்தது நடக்கவில்லை என்றே நினைக்கிறேன். உங்களுக்குக் குழப்பம் எதுவும் இல்லை. மேடையில் நிற்பவன் யார், கீழே இப்போது எழுந்து நிற்கும் மீசைக்காரன் யார், எவனுடைய அப்பா மாசிலாமணி என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பந்தலில் மற்றவர்களுக்குத் தெரியாது. தெரிந்த இரண்டொருவரும் வாய் திறக்கவில்லை.

எம்.டி.யின் கை இன்னும் நீண்டிருக்கிறது. "என்ன, வாங்கிக்கலையா?" என்று கேட்கிறார். அவன் மைக்கைப் பார்க்கிறான். பிறகு, எங்கோ பார்ப்பது போல, உங்களைப் பார்க்கிறான்.

நீங்களாவது சொல்லுங்கள்.